இரவல் பெயரில் பதினொரு பிள்ளைகள்

நாவல்மேட்டுக் காசம்மாளைப் பற்றிக் கேட்டால், "சும்மா குந்திக்கினே பேர் வாங்கினவ" என்று ஊரார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வியாழக்கிழமை தவறாமல் புதுச்சேரியிலிருந்து படித்த பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அவள் சும்மா குந்தியிருப்பதைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போன கதையையும் அதே வாய்தான் சொல்லும். கைநாட்டுக்காரி ஒருத்தி சும்மா இருப்பதில் எழுதுவதற்கு அப்படி என்ன இருந்தது? இருந்தது. பார்க்க வாய்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

பாகூர் ஏரிக்கும் சோரியாங்குப்பத்துக்கும் நடுவில் ஐம்பது அறுபது கூரைகள், அதுதான் நாவல்மேடு. ஏரிப் பாசனம், நெல்லும் கரும்பும். தெற்கே பெண்ணையாறு. ஆற்றுக்கு இந்தாண்ட பிரெஞ்சுக்காரன் சீமை, அந்தாண்ட இங்கிலீஷ்காரன் சீமை. கொடுப்பதும் கொள்வதும் மட்டும் இரண்டு சீமைக்கும் பொது. ராஜாங்கம் போட்ட கோடு மாமியார் வீட்டுக்கும் தாய்வீட்டுக்கும் குறுக்கே போனதைப் பற்றி ஊரில் யாருக்கும் கவலை இருந்ததில்லை.

நடவுக் காலத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேற்றில் இறங்கிவிட்டால், பிள்ளைகளை வரப்போரம் நாவல் மரத்தடியில் விட்டு, காவலுக்கு ஒருத்தியை நிறுத்துவார்கள். அந்த ஒருத்தி எப்போதும் காசம்மாள்தான். பிள்ளைகள்மேல் அவளுக்குப் பிரியம் அதிகம் என்பதற்காக இல்லை. நடவில் அவள் கை மந்தம், வரிசை கோணும். "நீ போய் அதுங்கள மேயி" என்று தள்ளிவிட்டார்கள்.

தள்ளிவிட்ட இடத்தில் அவளுக்குக் கண் திறந்தது. ஒருநாள் ஒன்றரை வயதுப் பயல் ஒருவன் கொட்டாங்கச்சியில் வாய்க்கால் தண்ணீரை மொண்டுவந்து ஒரு நண்டு வளையில் ஊற்றினான். திரும்பிப் போனான், மொண்டான், வந்தான், ஊற்றினான். வழியிலேயே பாதி சிந்தியது. அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சூரியன் உச்சிக்கு வரும்வரை அதே வேலை. கடைசியில் வளை நிறைந்து விளிம்பில் தண்ணீர் தளும்பியதும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான். காசம்மாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவனுக்கு இந்த வேலையை ஏவியது யார்? முடிந்துவிட்டது என்று சொன்னது யார்? கூலிக்கு மாரடிக்கும் ஆளிடம்கூட இந்தக் கவனத்தைப் பார்த்ததில்லையே! அன்றிலிருந்து, பிள்ளை ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது உதவத் துடிக்கும் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொள்வாள். விழுந்து அடிபடும் என்றால்தான் கை வெளியே வரும்.

இது இப்படி இருக்க, புதுச்சேரியில் ஒரு கல்லூரியில், பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கென்று ஆசிரியைகளைப் பழக்கும் வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். நடத்தியவள் மதாம் ரொசேல் என்ற வெள்ளைக்காரி. பட்டணத்துப் பிள்ளைகளை மட்டும் பார்த்து ஆசிரியை ஆனால் பாதிப் படிப்புத்தான் என்று அவள் பிடிவாதமாக வாதாடி, கிராமத்தில் ஒரு பால வகுப்பு கேட்டு வாங்கினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில், நாவல்மேட்டு வண்டிக் கொட்டகையில் பாய் விரித்து வகுப்பு திறந்தார்கள். மெத்ரெஸ், அதாவது ஆசிரியை, விருத்தாம்பாள். இருபத்திரண்டு வயது, பட்டணத்துப் பெண். பிள்ளைகளைப் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டுமே என்று காசம்மாளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் அதற்குக் குஞ்சுப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தது.

வியாழக்கிழமை பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. நடவுக்கு ஏது வியாழன், வெள்ளி? அதனால் குஞ்சுப் பள்ளிக்கூடம் வியாழனும் திறந்திருக்கும். பட்டணத்தில் பயிற்சி பெறும் பெண்களுக்கு அன்று ஓய்வு. அப்படித்தான் அவர்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் முதலில் காசம்மாளைச் சோம்பேறி என்று நினைத்தார்கள். மூன்றாவது வாரம் அவர்களும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜாங்கம் சும்மா கொடுக்குமா? நிபந்தனை வைத்தது. இருபத்தைந்து பிள்ளைகள் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தா சிவில் என்னும் அரசாங்கப் பிறப்புப் பதிவுச் சீட்டு இருக்க வேண்டும். குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். நாவல்மேட்டில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? இருபத்தேழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சீட்டைக் கேட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. பதினாறு பேருக்குத்தான் சீட்டு இருந்தது. மீதிப் பதினொரு பேரும் தலைச்சன் பிள்ளைகள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? பெண்ணைக் கொண்டுவந்தது ஆற்றுக்கு அந்தாண்டயிருந்து. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போனார்கள். பிள்ளை இங்கிலீஷ்காரன் சீமையில் பிறந்தது. மூன்றாம் மாதம் வண்டியில் இங்கே வந்தது. பிரெஞ்சுக்காரன் புத்தகத்தில் அது பிறக்கவே இல்லை. இரண்டாவது பிள்ளை புருஷன் வீட்டில் பிறந்ததால் அதற்குச் சீட்டு உண்டு.

விருத்தாம்பாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். காசம்மாளுக்கு இது ஒரு பெரிய சிக்கலாகவே தோன்றவில்லை.

"இதுக்கா மெத்ரெஸ் அம்மா கலங்குறீங்க? தங்கச்சி சீட்டு வூட்டுல சும்மாத்தான கெடக்குது? அத அக்காவுக்குப் போட்டுக்குவோம். சின்னது பள்ளிக்கூடம் வர்றதுக்குள்ள ஒரு வழி பொறக்காமயா போவும்?"

"தப்பில்லையா காசம்மாக்கா?"

"ஒரே வயித்துல பொறந்தது. வூட்டுக்கு ஒரு சீட்டு இருந்தா போதாதா?"

கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கும் ஊர். பிள்ளைக்குப் பெயர் இரவல் வாங்கினால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் காசம்மாள் உண்மையாகவே நினைத்தாள். விருத்தாம்பாள் எழுதினாள். கனகாம்பாள் என்னும் நாலு வயதுப் பெண், இரண்டு வயதுகூட நிறையாத தன் தங்கை ஆதிலட்சுமியின் பெயரில் பதிவானாள். குழந்தைவேல் தன் தம்பி பெயரில். இப்படிப் பதினொரு பேர். மெத்ரெஸ் பெயர் கூப்பிடும்போது தம்பி தங்கை பெயருக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கினார்கள். பிள்ளைகளும் நின்றன. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். காசம்மாள் புளுகு ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது.

மறுவருஷம் புரட்டாசியில், சம்பா நடவு மும்முரத்தில், மதாம் ரொசேல் பரிசோதனைக்கு வந்தாள். அன்றைக்கென்று பார்த்து வீடுகளில் ஓர் ஆள் இல்லை. அத்தனை பேரும் வயலில். பிள்ளைகள் தம்பி தங்கைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தன. கனகம் மூச்சு வாங்க ஆதிலட்சுமியைச் சுமந்து வந்து பாயில் இறக்கினாள். அந்தப் பொடிசுகள் எங்கே வாய் திறக்கப் போகின்றன என்று காசம்மாள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மதாம் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தாள். பக்கத்தில் விருத்தாம்பாள், மொழிபெயர்க்க. ஆறு பெயர்கள் சரியாகப் போயின. ஏழாவது பெயர்.

"ஆதிலட்சுமி."

கனகம் வழக்கம்போல எழுந்தாள். அதே நேரத்தில் அவள் காலடியில் உட்கார்ந்திருந்த குட்டியும் எழுந்தது. ஒரு கையில் கடித்த கரும்புத் துண்டு. தன் பெயர் தன்னுடையது என்று தெரிந்துகொண்ட வயசு. ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் அதற்கு முகமெல்லாம் சிரிப்பு. விறுவிறுவென்று நடந்துபோய் மதாமின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கனகம் தங்கையைப் பார்த்தாள். கனகத்தைக் கண்ணால் மிரட்டி நிற்க வைத்துவிடலாம் என்று காசம்மாளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த முகத்தில் ஒரு யோசனை ஓடுவதைப் பார்த்துவிட்டாள். அது ஓடும்போது குறுக்கே போகும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன.

கனகம் உட்கார்ந்துவிட்டாள்.

"அது அவ பேரு," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவளே வந்துட்டா. நான் குடுத்துட்டேன்."

அடுத்த பெயர் அரிகிருஷ்ணன். அண்ணன் குழந்தைவேல் எழுந்திருக்கவில்லை. "அவன் அங்க பாயில தூங்கறான்" என்றான். அதற்கடுத்த இரவல் பெயருக்கும் யாரும் நிற்கவில்லை. பதினொரு பிள்ளைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. அதுபாட்டுக்கு அது, தன்னுடையது அல்லாத பெயரைக் கீழே வைத்துவிட்டது. பயப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு வருஷமாகப் பொய்யைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். காசம்மாளுக்குத் தன் புளுகு வெளிப்பட்ட பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு. கோயில் கர்ப்பக்கிரகத்தில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி.

மதாம் விருத்தாம்பாளிடம் ஏதோ கேட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் காசம்மாள் எழுந்து முன்னால் போனாள்.

"மெத்ரெஸ் அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க தாயி. நான்தான் எழுதச் சொன்னேன். இதுங்க தலைச்சன் பிள்ளைங்க, அந்தாண்ட பொறந்தது. சீட்டு கெடையாது. தம்பி தங்கச்சி சீட்டுலதான் படிக்குதுங்க. பொய்தான்."

விருத்தாம்பாள் அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள். மதாம் ரொசேல் கெட்டி மனசுக்காரி, உருகிவிடவில்லை. சிவப்பு மையால் பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தாள். பேனா கீறும் சத்தம் ஒவ்வொன்றும் காசம்மாளுக்குக் கேட்டது. பதினாறு மிஞ்சியது. பிறகு, இன்னும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த குட்டியையும், பாயில் இருந்த கனகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். விருத்தாம்பாள் தமிழில் சொன்னாள்.

"பதிவு இல்லாதவங்க நீதிபதி முன்னால சாட்சி வெச்சுப் பொறப்பை எழுதிக்கலாமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு சாட்சி. வெவரம் தெரிஞ்சவங்க, சத்தியம் பண்ணணும். மாசி முடியறதுக்குள்ள பதினொண்ணும் வந்தா வகுப்பு இருக்கும். வரலேன்னா மூடிடுவாங்க. பொய்க் கணக்கு எழுதினதுக்கு நான் வூட்டுக்குப் போகணும், எழுதச் சொன்னதுக்கு நீங்களும்தான்."

மூடிவிட்டால் என்ன, பழையபடி நாவல் மரத்தடி இருக்கிறது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். காசம்மாளால் அப்படி நினைக்க முடியவில்லை. மரத்தடியில் பிள்ளைகளைக் காவல் காத்தார்கள். இங்கே பிள்ளைகளைப் பார்க்க ஆள் வந்தது. இவ்வளவு பெரிய அதிசயம் ஊரில் நடப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ள நாலு பேர் வருகிறார்களே, அது நின்றுபோகலாமா? அதைவிட, சிவப்பு மையில் அடிபட்ட அந்தப் பதினொன்றும் தினமும் காலையில் வந்து உட்கார்ந்தன. பெயர் கூப்பிடும்போது அவர்கள் பெயர் வராது. வராது என்று தெரிந்தும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. நம் புத்தியால் வந்த வினை என்று ராத்தூக்கம் கெட்டாள்.

சாட்சிக்கு ஆள் யார்? ஒருத்தி காசம்மாளே. சீர் கொண்டுபோனவள், தொட்டில் போடப் போனவள். பதினொன்றும் பிறந்த நாள் அவளுக்குத் தெரியும். இன்னொருத்தி மீன்காரி தையலம்மாள், ஐம்பது வயது, குரல் கணீரென்று இருக்கும். கடலோரக் குப்பத்துக்காரி, ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கூடை சுமந்தவள். பிள்ளை பெற்ற வீட்டில் பால் ஊறப் பால்சுறா கேட்பார்கள் அல்லவா? எந்த வீட்டில் என்றைக்குப் பிள்ளை பிறந்தது என்று அந்த வீட்டுப் பங்காளிக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

மாசி பிறந்து பத்தாம் நாள், இரண்டு மாட்டு வண்டியில் பதினொரு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார்கள். முன் வண்டியை ஓட்டியவர் இன்னாசிமுத்து. அறுபது வயது, அந்தப் பக்கத்துப் பிரசவ வண்டியெல்லாம் அவர் வண்டிதான். விருத்தாம்பாள் பின் வண்டியில் வந்தாள்.

கோர்ட்டில் பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் நீதிபதி, பக்கத்தில் மொழிபெயர்க்கத் துபாசி, எழுதக் குமாஸ்தா. முதலில் காசம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"உன் பெயர்? தகப்பன் பெயர்? பிறந்த ஊர்?"

சொன்னாள். பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தாண்ட. குமாஸ்தா எழுதிக்கொண்டே கேட்டார்:

"உன் பிறப்புப் பதிவு எங்கே?"

காசம்மாளிடம் அது ஏது? அவளும் தலைச்சன். அவள் அம்மாவும் பிரசவத்துக்கு அந்தாண்டதான் போனாள். இத்தனை நாள் பதினொரு பிள்ளைகளை எண்ணியவளுக்குத் தன்னை எண்ணத் தோன்றவில்லை!

குமாஸ்தா சிரித்துவிட்டார். "தானே பிறக்காதவள் இன்னொருத்தர் பிறப்புக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள்!" துபாசியும் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. பதிவில்லாத ஆளின் சாட்சியை ஏற்க முடியாது, அடுத்த வழக்கைக் கூப்பிடு என்றார்.

காசம்மாள் திரும்பிப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகளும் தலைநிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவுதான், தன்னால்தான் எல்லாம் கெட்டது, முதலிலும் தன்னால், கடைசியிலும் தன்னால் என்று நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள்.

"ஏன் தொரை, இன்னா நாயம் இது?" பின்னாலிருந்து தையலம்மாள் குரல் வெடித்தது. சேவகன் தடுக்க வந்தான். கையைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "இவ பொறக்கலியா? எங்கம்மா கூடையில பால்சுறா வெச்சு, என் கையில ரெண்டு மீன் குடுத்து இவங்க ஆத்தா வூட்டுக்கு அனுப்புச்சா. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. மாசி மகத்துக்கு மறுநாளு. கடலுக்கு சாமி வந்துட்டுப் போன கூட்டம் அப்பத்தான் கலையுது. குழந்தை செவசெவன்னு தொட்டில்ல கத்துது. நான் பார்த்தேன். என் கண்ணு அவிஞ்சா போச்சு? நான் ரெண்டாவது பிள்ள, இந்தாண்ட குப்பத்துல பொறந்தவ. எனக்குச் சீட்டு இருக்குது, எடுத்துப் பாரு!"

துபாசி சுருக்கமாகச் சொல்லப் பார்த்தார். நீதிபதி கையை உயர்த்தி, முழுவதையும் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, "இன்னொரு சாட்சி?" என்றார்.

வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த இன்னாசிமுத்துவை விருத்தாம்பாள் ஓடிப்போய் இழுத்துவந்தாள். தவிட்டுக் கையோடு வந்து நின்றார். அவர் பெயர் மாதாகோயில் ஞானஸ்நானப் புத்தகத்திலும் இருந்தது, ராஜாங்கப் புத்தகத்திலும் இருந்தது.

"மூணாம் மாசம் தாயையும் பிள்ளையையும் ஆத்தைத் தாண்டி இட்டாந்தது நான்தாங்க. விகாரி வருசம், சித்திரை பொறக்கறதுக்கு இன்னும் நாலு நாளோ அஞ்சு நாளோ... இல்ல, சித்திரை பொறந்துடுச்சு. பொய் சொல்லக் கூடாது. விகாரி முடிஞ்சு ஒரு மாசம் ஆவுது. நடு ஆத்து மணல்ல வண்டி புதைஞ்சுபோச்சு. இந்தப் பொண்ணோட அம்மா எறங்கி, பிள்ளையை என் கையில குடுத்துட்டுச் சக்கரத்தைத் தள்ளுச்சு. குப்பம்மான்னு பேரு. தங்கமான பொம்பள."

காசம்மாள் அழுகையை நிறுத்தினாள். அம்மா செத்து இருபது வருஷம். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! தன்னைச் சுமந்துவந்த அம்மா ஆற்று மணலில் சக்கரத்தைத் தள்ளினாள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நீதிபதி பஞ்சாங்கம் வரவழைத்தார். விகாரி வருஷத்து மாசி மகம் எந்தத் தேதி என்று பார்த்து, அதற்கு மறுநாளைக் காசம்மாள் பிறந்த நாளாக எழுதச் சொன்னார். பிறகு அவளைச் சத்தியம் செய்யச் சொன்னார். முதல் பிள்ளையில் தொடங்கினாள். ஏரி மதகு அடைத்த மறுநாள், கரும்பு ஆலை ஆடிய கடைசிநாள், அமாவாசைக்கு முன்னால் என்று அவள் சொல்லச் சொல்ல, தையலம்மாள் மீனைச் சொல்லி ஆமாம் போட, குமாஸ்தா பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேதி போட்டார். பதினொன்றும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. குமாஸ்தா இப்போது சிரிக்கவில்லை. ஏழாவது பிள்ளை வந்தபோது எழுதுவதை நிறுத்தி அவளை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

தீர்ப்பு எழுதும்வரை காசம்மாள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள். உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. கனகம் வந்து ஒட்டிக்கொண்டாள். குமாஸ்தா காகிதத்தோடு எழுந்தார். பெயர் படிக்கப் படிக்க அந்தந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும் என்று துபாசி சொன்னார்.

குமாஸ்தா முதல் பெயரைப் படித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. காசம்மாள் யார் பெயர் என்று கவனிக்கவே இல்லை. எந்தப் பிள்ளை அசடுபோல உட்கார்ந்திருக்கிறது என்று வரிசையைத்தான் பார்த்தாள். குமாஸ்தா மறுபடியும் படித்தார், தகப்பன் பெயரோடும், தாய் குப்பம்மாள் பெயரோடும்.

கனகம் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரி பெரிம்மா. இது உன் பேரு."

காசம்மாள் எழுந்து நின்றாள்.